ராமநாதபுரம் கடற்கரையில் காரில் மூன்று நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் ஊர் ராமநாதபுரம். பள்ளி விடுமுறை விட்டால் போதும், சென்னையிலிருந்து சித்தப்பா பிள்ளைகள், கோயம்புத்தூரிலிருந்து கூட வேலை பார்த்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று வரிசையாகப் போன் வரும். எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒரே நாள்ல ராமேஸ்வரம், தனுஷ்கோடி ரெண்டையும் பார்த்துட்டு மதுரை திரும்பிடலாமா?

திரும்பலாம். ஆனால் மதுரையிலிருந்து, தனுஷ்கோடியைத் தாண்டி நிலம் முடியும் அரிச்சல்முனை வரை ஒரு வழிக்கே சுமார் 190 கிலோமீட்டர். போய்வர ஏழு எட்டு மணி நேரம் காரிலேயே கழியும். மீதி நேரத்தில் கோயில் வரிசையில் நின்று, முனையில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு ஓடி வருவதுதான் மிச்சம்.

இரண்டு இரவு, மூன்று பகல் வையுங்கள். இந்தக் கரைக்கு இரண்டு கடல் இருக்கிறது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டும் நிறத்திலும் குணத்திலும் வேறு வேறு. முதல் நாள் வடகரை, இரண்டாம் நாள் பாம்பன் தீவு, மூன்றாம் நாள் தென்கரை என்று பிரித்தால் அவசரமில்லாமல் எல்லாம் முடியும். இரண்டு நாள்தான் கிடைக்கும் என்றால் வடகரையை விடுங்கள். தென்கரையை விடாதீர்கள்.

எங்க தங்கறது நல்லது? ராமேஸ்வரமா, ராமநாதபுரமா?

முதல் இரவு ராமநாதபுரம், இரண்டாம் இரவு ராமேஸ்வரம். ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் சுமார் 15 கி.மீ., திருப்புல்லாணி 10, கீழக்கரை 17, ராமேஸ்வரம் 55. எல்லா வழியும் இங்கிருந்துதான் பிரிகிறது. தீவுக்குள்ளேயே இரண்டு இரவும் தங்கினால் ஒவ்வொரு முறையும் பாலத்தைத் தாண்டி வெளியே வர வேண்டும்.

ராமேஸ்வரத்தில் ஓர் இரவு தங்குவதற்குக் காரணம் விடியற்காலை. தனுஷ்கோடியைக் கூட்டம் வருவதற்கு முன்பு பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும்.

எந்த மாசம் வரலாம்?

ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. வெயில் தாங்கும், வானம் தெளிந்திருக்கும், தனுஷ்கோடிப் பக்கம் ஆழமில்லாத நீர்ப்பரப்புகளில் பூநாரைகள் நிற்கும்.

மற்ற மாதங்களைக் கணக்குப் போட அந்த இரண்டு கடலையும் நினைவில் வையுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாடைக் காலம். வடகிழக்கிலிருந்து காற்று வரும், மழையும் உண்டு. அப்போது வடகடல் கலங்கிப் புரளும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று, அப்போது தென்கடல் கொந்தளிக்கும். ஒன்று ஆடும்போது மற்றது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். மீனவர்கள் வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் சொல்வது இதனால்தான். நீரிணை ஆழம் குறைந்தது, அலையும் குறைவு. வளைகுடா ஆழம், அலையும் முரட்டு அலை.

ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை மூன்றும் ராமேஸ்வரத்துக்குப் பெருங்கூட்டம் வரும் நாட்கள். தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்கள் வரட்டும். ஊர் சுற்ற வருகிறவர்கள் அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் தள்ளி வரலாம்.

ரோடு எப்படி? சின்ன கார் போதுமா?

போதும். நான் சொல்லும் இடம் எல்லாவற்றுக்கும் தார்ச்சாலை இருக்கிறது. மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்கு வழிச் சாலை. அங்கிருந்து எதிரே வரும் வண்டியைப் பார்த்து முந்த வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருபுறமும் சீமைக்கருவேலமும் பனையும் அடர்ந்திருக்கும். ஆடு, மாடு எந்தப் புதரிலிருந்து வருமென்று தெரியாது. இருட்டின பிறகு ஓட்டாமல் இருப்பது நல்லது.

சோதனைச் சாவடிகள் அடிக்கடி வரும். கடத்தலைத் தடுக்க வைத்திருக்கிறார்கள். வண்டிக் காகிதங்களைக் கையில் எடுக்கிற மாதிரி வையுங்கள். அப்புறம், முன்கண்ணாடியில் உப்புப் படலம் படியும். அதைக் காய்ந்த துணியால் துடைக்காதீர்கள், மணல் சேர்ந்து கண்ணாடியைக் கீறிவிடும். ஒரு பாட்டில் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவுங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் வண்டியின் அடிப்பகுதியையும் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள்.

ராமநாதபுரம் டவுன்ல பார்க்க ஏதாவது இருக்கா?

இருக்கிறது, அரண்மனை. அதற்குள் ராமலிங்க விலாசம் என்ற மண்டபம் இருக்கிறது. ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்தது. சுவர், கூரை, தூண் என்று இடம் விடாமல் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். ராமாயணக் காட்சிகள் ஒரு பக்கம், மராத்தியரோடு நடந்த போர் ஒரு பக்கம், தொப்பி போட்ட ஐரோப்பியர்கள் சேதுபதியின் முன் நிற்பது இன்னொரு பக்கம். சேதுபதி என்றாலே சேதுவைக் காப்பவர் என்றுதான் பொருள். ராமேஸ்வரம் போகிற வழியைக் காத்ததால் வந்த பட்டம். நீங்கள் அடுத்து போகப்போகும் பாதி இடங்களில் இவர்கள் கை இருக்கிறது. அதனால் பயணத்தை இங்கே தொடங்கச் சொல்கிறேன்.

தேவிபட்டினம் பக்கம் போனா அரை நாள் ஆகுமா?

ஆகும். தேவிபட்டினத்தில் கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கின்றன, நவபாஷாணம் என்பார்கள். ராமர் நவக்கிரகங்களை வழிபட்ட இடம் என்பது நம்பிக்கை. கரையிலிருந்து நடைமேடையில் போய்ப் பார்க்கலாம். தண்ணீர் ஏறியிருந்தால் கற்களின் தலை மட்டும் தெரியும். அங்கிருந்து வடக்கே தொண்டிச் சாலையில் போனால் காரங்காடு வரும். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். காலையிலேயே போய்விடுங்கள். பறவைகளும் இருக்கும், வெயிலும் இருக்காது.

வைகை கடலைச் சேரும் பக்கத்தில் அழகன்குளம் இருக்கிறது. தொல்லியல் துறை அகழ்ந்தபோது ரோமானியக் காசுகளும் மதுச்சாடித் துண்டுகளும், கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் கிடைத்த சங்ககாலத் துறைமுகம். நேரில் போனால் கண்ணுக்குக் கட்டடம் எதுவும் தெரியாது, வெறும் மேடுதான். வரலாற்றில் ஆசை உள்ளவர்கள் மட்டும் போங்கள்.

கீழக்கரை, ஏர்வாடி வழியில நிக்கற மாதிரி என்ன இருக்கு? எல்லாரும் அதை விட்டுட்டுத்தானே வர்றாங்க?

விட்டுவிட்டு வருவதுதான் எனக்கு வருத்தம். காலையில் திருப்புல்லாணியில் தொடங்குங்கள். 108 திவ்ய தேசங்களில் ஒன்று, ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயில். ராமர் தர்ப்பைப் புல்லில் படுத்திருக்கும் கோலம் இங்கே தனிச் சந்நிதியில் இருக்கிறது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சேதுக்கரை. இந்தப் பக்கத்தில் கடல் தரிசனத்துக்கு என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

அடுத்து பெரியபட்டினம். இப்போது அமைதியான ஊர். ஒரு காலத்தில் சீனக் கப்பல்கள் வந்துபோன துறைமுகம். அகழாய்வில் குவியலாகச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன.

பிறகு கீழக்கரை. பழைய ஜும்ஆ பள்ளிவாசலைக் கட்டாயம் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தது. முழுக்கக் கல் கட்டடம். தூண், தூணின் தலையில் வரும் போதிகை, அதன் மேல் உத்தரம் எல்லாம் நம் கோயில் தச்சு முறையில் இருக்கும். ஆனால் யாளி இல்லை, சிற்பம் இல்லை. அந்த இடத்திலெல்லாம் பூவும் கொடியும். ஒரு தூணின் அருகே நின்று மேலே பார்த்தபோது, போதிகையின் நுனியில் தொங்கும் வாழைப்பூ வடிவம் அப்படியே எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்தில் உள்ளதுதான் என்று கண்டுகொண்டேன். பக்கத்தில்தான் வள்ளல் சீதக்காதியின் அடக்கத்தலம். ‘செத்தும் கொடுத்தான் சீதக்காதி’ என்று சொல்கிறோமே, அவர்தான். கிழவன் சேதுபதிக்கு நெருங்கிய நண்பர், உமறுப்புலவரை ஆதரித்தவர். அரண்மனையை முதலில் பார்க்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். தொழுகை நேரத்தில், முக்கியமாக வெள்ளி நண்பகலில் போகாதீர்கள். வாசலில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு, கை கால் மூடிய உடையில், தலையை மறைத்துப் போங்கள்.

ஏர்வாடி தர்கா அங்கிருந்து பக்கம். எல்லா மதத்துக்காரர்களும் வருவார்கள். கடற்கரையை ஒட்டியே போனால் வாலிநோக்கம், அதன் உப்பளங்கள். வெயில் காலத்தில் வெள்ளை உப்பு குவிந்து கிடப்பது கண்ணைப் பறிக்கும்.

பாம்பன் பாலத்துல காரை நிறுத்தி போட்டோ எடுக்கலாமா?

நிறுத்தாதீர்கள். எல்லோரும் நிறுத்துகிறார்கள், அதனால்தான் நெரிசலும் விபத்தும். பாலத்தில் நடைபாதை இருக்கிறது. பாலம் ஏறுவதற்கு முன்போ தாண்டிய பிறகோ வண்டியை ஓரமாக விட்டு நடந்து வாருங்கள். இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம், நடுவரைக்கும் போனால் போதும். காற்று பலமாக இருக்கும், குழந்தையின் தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நிற்பது 1988இல் திறந்த சாலைப் பாலம். அதற்கு முன்பு தீவுக்குள் போக ரயிலையோ படகையோ விட்டால் வழி கிடையாது.

ரயில் பாலம் தூக்கறதைப் பார்க்கணும். எப்ப தூக்குவாங்க?

கப்பலோ பெரிய படகோ கடக்கும்போதுதான் தூக்குவார்கள். அதற்கு நேர அட்டவணை கிடையாது. ரயில் போவதைப் பார்ப்பது எளிது. ராமேஸ்வரம் ரயில்களின் நேரத்தைப் பார்த்துவிட்டு நடைபாதையில் கால் மணி முன்பு நின்றால் போதும்.

பழைய பாலம் 1914இல் திறந்தது. நடுவில் இரண்டு கைகள் விரிவதுபோல் பிளந்து திறந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேராக மேலே 17 மீட்டர் எழும்பும். இந்த வகையில் இந்தியாவிலேயே இதுதான் முதல்.

பாலம் தாண்டினதும் நேரா ராமேஸ்வரம்தானா?

வழியில் இரண்டு நிறுத்தம் வையுங்கள். பாம்பனிலிருந்து வலப்பக்கம் திரும்பினால் குந்துகால். சிகாகோ மாநாட்டுக்குப் போய்விட்டு 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் வந்து இறங்கிய கரை. பாஸ்கர சேதுபதி வரவேற்றார். இப்போது நினைவு மண்டபம் இருக்கிறது. மாலையில் போனால் எதிரே குருசடைத் தீவு தெரியும். இரண்டாவது பேக்கரும்பில் கலாம் நினைவிடம், நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது.

தனுஷ்கோடிக்கு ஜீப்லதான் போகணும்னு சொல்றாங்களே?

அது பழைய கதை. 2017 முதல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை. சொந்தக் காரிலேயே போகலாம். ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 20 கி.மீ. வழியில் சாவடி இருக்கிறது. இருட்டுவதற்கு முன்பே எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதனால் சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் கிளம்பாதீர்கள். காலையில் எப்போது விடுவார்கள் என்று தங்கும் இடத்தில் முதல் நாள் இரவே கேட்டு வையுங்கள்.

பெட்ரோலை ராமேஸ்வரத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு பங்க் கிடையாது. குடிதண்ணீரும் கொண்டு போங்கள். திரும்பும்போது கோதண்டராமர் கோயிலுக்குத் திரும்பும் சாலை வரும். 1964 புயலில் தனுஷ்கோடி அழிந்தபோதும் நின்ற கோயில் அது. விபீஷணன் சரணடைந்த இடம் என்பார்கள்.

ரோட்டை விட்டு மணல்ல கொஞ்சம் ஓட்டிப் பார்க்கலாமா? எல்லா வீடியோவிலும் ஓட்டறாங்க.

வேண்டாம். அக்கா மகன் ஆசைப்பட்டான் என்று நான் ஒருமுறை இறக்கினேன். பத்தடி போயிருப்போம், முன்சக்கரம் இரண்டும் அச்சு வரை புதைந்துவிட்டன. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் கீழே போனது. வலை பிரித்துக்கொண்டிருந்த ஐந்து பேர் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். டயரில் பாதிக் காற்றை இறக்கச் சொன்னார்கள், சக்கரத்தின் முன்னால் மணலைக் கையால் தோண்டி, கிடந்த பனை மட்டைகளைப் போட்டுத் தள்ளினார்கள். வெளியே வர ஒன்றரை மணி நேரம். காசு கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றார் அதில் மூத்தவர். ‘தம்பி, அடுத்த தடவை எங்க பொழப்பைக் கெடுக்காம ரோட்டுலயே நில்லு’ என்றார். அதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

பழைய தனுஷ்கோடியில இடிஞ்ச கட்டடம் தவிர என்ன இருக்கு?

அந்த இடிந்த கட்டடங்களையே நிதானமாகப் பாருங்கள். சென்னை எழும்பூரிலிருந்து வரும் போட் மெயில் ரயில் அந்தக் காலத்தில் இங்கே வந்து நிற்கும். இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போய், மறுபடி ரயிலில் கொழும்பு போவார்கள். அந்த அளவுக்கு நடமாட்டம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் கடல் ஏறி ஊரை மூடியது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அடித்துச் செல்லப்பட்டது.

மாதா கோயில் சுவரின் அருகே போய்ப் பாருங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கல் இருக்காது, பவளப்பாறைக் கல் இருக்கும். தேன்கூடு போல நுண்ணிய கண்கள் அந்தக் கல் முழுக்க. கடலிலிருந்து எடுத்த கல்லில் கட்டிய கோயில். சாய்ந்து ஏறாதீர்கள், உதிர்கிறது.

இன்னொன்று, ஊற்று. கடலுக்கு எட்டும் தூரத்தில், குடிசைகளின் பக்கத்தில், மணலில் இடுப்பளவுக்குத் தோண்டி வைத்திருப்பார்கள். ஒரு பாட்டி சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். கொஞ்சம் எனக்கும் கொடுத்தார். உப்பே இல்லை. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் தங்கி நிற்பதால் ஆழமாகத் தோண்டினால்தான் கரிக்கும், மேலாகத் தோண்டினால் நல்ல தண்ணீர். இங்கே இன்னமும் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்கள் வீட்டுக்குள் கேமராவை நீட்டாதீர்கள், ஊற்றில் கால் வைக்காதீர்கள்.

அரிச்சல்முனையில குளிக்கலாமா? அங்கிருந்து இலங்கை தெரியுமா?

குளிக்கக் கூடாது. மேலே சொன்ன இரண்டு கடலும் சேரும் இடம் அது. மேலே பார்க்க அமைதியாக இருந்தாலும் நீரோட்டம் காலை வாரிவிடும். கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். பிள்ளைகளைத் தண்ணீரில் விளையாட விட வேண்டுமென்றால் உச்சிப்புளிப் பக்கம் அரியமான் கடற்கரைக்குப் போங்கள். வடகடல், வாடைக் காலம் தவிர மற்ற மாதங்களில் குளம் போலக் கிடக்கும்.

இலங்கை கண்ணுக்குத் தெரியாது. தலைமன்னார் சுமார் 30 கி.மீ. அப்பால் இருக்கிறது. ஆனால் செல்போன் அந்தப் பக்கத்து சிக்னலைப் பிடித்துக்கொள்ளும். ரோமிங்கை அணைத்து வையுங்கள்.

கோயிலுக்குப் பக்கத்துல பார்க்கிங் கிடைக்குமா? தீர்த்தமாட எவ்வளவு நேரம்?

கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களுக்குள் காரோடு போக நினைக்காதீர்கள். வெளியே நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு ஆட்டோ பிடியுங்கள். முதலில் அக்னி தீர்த்தத்தில் கடல் குளியல், பிறகு உள்ளே 22 தீர்த்தங்கள். கூட்டமில்லாத நாளில் ஒரு மணி நேரம் போதும். ஈரத்துணியோடு மூலவர் சந்நிதிக்கு விடமாட்டார்கள், மாற்றுத்துணி எடுத்துப் போங்கள். மதியம் நடை சாத்துவார்கள். தீர்த்தமாடாவிட்டாலும் 1212 தூண்கள் கொண்ட மூன்றாம் பிராகாரத்தை ஒருமுறை முழுக்கச் சுற்றி நடங்கள்.

மீன் சாப்பாடு எங்க நல்லா இருக்கும்?

கோயிலைச் சுற்றிப் பெரும்பாலும் சைவம். மீனுக்குப் பாம்பன், மண்டபம், ராமநாதபுரம். தனுஷ்கோடிச் சாலையோரக் கடைகளில் மீனைக் கண்ணெதிரே காட்டிவிட்டுப் பொரித்துத் தருவார்கள். விலையை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும்தான், விலையும் ஏறியிருக்கும். ஆனால் அதே மாதங்கள்தான் நுங்குக்கும் பதநீருக்கும் காலம்.

கீழக்கரையில் தொதல் வாங்குங்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுவது. ஊருக்குக் கொண்டுபோக இதைவிட நல்ல பொருள் கிடையாது. சமையலுக்கு ராமநாதபுரம் முண்டு மிளகாயும் ஒரு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பவளக்கல்லு, சங்கு எல்லாம் விக்கறாங்களே, வாங்கலாமா? கரையில கிடக்கறதை எடுக்கலாம்தானே?

பவளப்பாறை, கடல் குதிரை, கடல் அட்டை இவற்றை வாங்குவதும் வைத்திருப்பதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். செத்துக் கரையொதுங்கிய பவளமாக இருந்தாலும் எடுக்காதீர்கள். சில சங்கு வகைகளுக்கும் தடை உண்டு. எது என்று பிரித்தறிய முடியாதென்றால் சங்கே வாங்காமல் பனையோலைப் பெட்டி வாங்குங்கள்.

பாம்பன் பக்கமிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அந்தக் கடலில் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் சின்னப்பாலம் பக்கம் இருக்கிறார்கள். விரல் கிழியாமலிருக்கத் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி மூச்சடக்கி முங்குவார்கள். தீவுக்குள் போக அவர்களுக்கே கட்டுப்பாடு இருக்கிறது.

மூணாவது நாள் தென்கரை பார்த்துட்டு மறுபடி ராமநாதபுரம் வராம, தூத்துக்குடி வழியா திருநெல்வேலி போயிடலாமா?

தாராளமாக. திருநெல்வேலி, நாகர்கோவில்காரர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். விடியற்காலையில் தனுஷ்கோடியைப் பார்த்துவிட்டு ராமேஸ்வரத்திலிருந்து உடனே கிளம்பினால் திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை மூன்றையும் முடித்து மதியச் சாப்பாட்டுக்கு ஏர்வாடி வந்துவிடலாம். அங்கிருந்து சாயல்குடி, வேம்பார் வழியாகத் தூத்துக்குடி. சாயல்குடியில் டீ குடித்துவிட்டு, பெட்ரோல் அளவைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஒரே ஒரு சிக்கல் காற்று. ஜூன், ஜூலையில் இந்தச் சாலையில் மணல் புகை போலக் குறுக்கே ஓடும். இரண்டு சக்கர வண்டிக்காரர்கள் தள்ளாடுவார்கள், அவர்களுக்கு இடம் விட்டு ஓட்டுங்கள். தென்கடல் பொங்கும் அந்த நாட்களில் அரிச்சல்முனைச் சாலையையும் மூடிவிடுவதுண்டு, அலை கல்லையும் மணலையும் சாலையில் வாரிப் போட்டுவிடும். அப்படி மூடியிருந்தால் அன்றைக்குத் தென்கரைக்கு வந்துவிடுங்கள். சேதுக்கரையில் அதே கடலைக் கரையில் நின்றே பார்க்கலாம்.